மடியில் விரியும் நூல்

தனக்கு வேண்டுவது இன்னதெனச் சொல்லத் தெரியாத ஒருவர்க்காக நாம் ஒரு பொருளை வாங்கும்போது, அச்செயல் வாணிபத்தின் எல்லையைக் கடந்து அறத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. நினைவிழந்து கிடக்கும் நோயாளிக்கு மருந்து வாங்குவது அத்தகையது. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்குப் படநூல் வாங்குவதும் அதனோடு ஒப்ப வைத்து எண்ணத் தக்கதே. நாம் எதைக் கையில் கொடுக்கிறோமோ அதையே குழந்தை உலகம் என்று எடுத்துக்கொள்கிறது. ஆதலின், மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் நடைபாதையில் பரப்பிய பழைய நூல்களின் முன் குனிந்து நிற்கும் தந்தையும், செம்பூரில் விளக்கொளி மிகுந்த கடைக்குள் நுழையும் தாயும், கையை நீட்டுமுன் தம்மைத் தாமே ஒரு வினா கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். இந்நூலை யாருக்காக வாங்குகிறோம்? குழந்தைக்காகவா, நமக்காகவா?

வினா எளிதாகத் தோன்றும். ஆயினும் இதற்கு விடை காண யாம் எடுத்துக்கொண்ட காலம் பத்தாண்டு. அதற்காக எம் இல்லம் கொடுத்த விலையும் சிறிதன்று. இம்மாநகரில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கட்குப் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தால் அதனை ஈண்டு எழுதலானோம்.

நாள்காட்டியே நூலாக

எம் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குத் தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஆறு பேர் வாழ்ந்தோம். நூல் என்று சொல்லத்தக்கது அவ்வறையில் ஒன்றும் இல்லை. ஆனால் படம் இருந்தது. ஊருக்குச் சென்று திரும்புவோர் மளிகைக் கடையின் பெயர் பொறித்த சிவகாசி நாள்காட்டியைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுப்பர். கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு (1898–1976) அவர்களும் அவர்தம் மாணவர்களும் வளர்த்த முறையில் தீட்டப்பட்ட முருகனோ கலைமகளோ அதில் இருக்கும். ஆண்டு முடிந்து தேதித் தாள்கள் யாவும் போன பின்னரும் படம் சுவரிலேயே நிற்கும்.

எம் தாயார் எழுத்தறியாதவர். எனினும் அந்த ஒரே படத்திலிருந்து எத்தனையோ மாலைப்பொழுதுகளை எடுத்தார். “மயில் காலுக்குக் கீழே என்ன இருக்கு? பாம்பு ஏன் ஓடலை? பின்னாலே தெரியுதே, அது எந்த மலை?” என்று கேட்பார். யாம் வாய்க்கு வந்ததைச் சொல்வோம். தவறாகச் சொன்னால் திருத்தமாட்டார். அதனையும் கதைக்குள் இழுத்துக்கொள்வார்.

அவர் அறியாமலே செய்த இச்செயலைப் பின்னாளில் அறிஞர் அளந்து பார்த்தனர் எனப் படித்தபோது வியப்புற்றோம். 1988-இல் அமெரிக்க உளவியலறிஞர் வைட்ஹர்ஸ்டும் அவர் குழுவினரும் ஒன்றேமுக்கால் வயது முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளின் பெற்றோரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வழக்கம்போல் படநூலைப் படித்துக் காட்டினர். மற்றப் பிரிவினர்க்கு, ‘இங்கே என்ன நடக்கிறது?’ என்பன போன்ற கேள்விகளைக் கேட்கவும், குழந்தை சொன்னதை விரித்துத் திருப்பிச் சொல்லவும் பயிற்சி தந்தனர். ஒரே மாதத்தில் இரண்டாம் பிரிவுக் குழந்தைகளின் பேச்சு, மற்றவரினும் முன்னேறி நின்றது. படநூலின் பயன் தாளில் பாதிதான். மறுபாதி அதனை மடியில் விரிப்பவரின் வாயில் இருக்கிறது என்பதே இதனால் பெறப்படும் உண்மை.

எம் ஏழாம் வயதில், தந்தையாருடன் பணிபுரிந்த தொழிற்சங்க அன்பர் ஒருவர் சோவியத் நாட்டுப் படநூல் ஒன்றைக் கொடுத்தார். சென்னை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வழியே அத்தகைய நூல்கள் அந்நாளில் குறைந்த விலைக்குத் தமிழில் வந்தன. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அவ்வரவு நின்றது. அந்நூலில் பனி பெய்தது. கரடி குல்லாய் அணிந்திருந்தது. மும்பையின் மழையன்றி வேறொன்றும் அறியாத எமக்கு அப்பனி சிறிதும் அயலாகத் தோன்றவில்லை. தந்தையார் அதனைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்தார். எம் தாயார், “நம்ம ஊருக் கரடிக்குக் குல்லாய் வேண்டாம், வெயிலே போதும்” என்றார். அவ்வளவில் உருசிய நாடு எம் பாய்க்கு அருகில் வந்து அமர்ந்துகொண்டது.

ஆப்பிளும் பனங்காயும்

காலம் ஓடியது. யாம் பட்டம் பெற்று மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தரானோம். மூத்த மகனுக்கு மூன்று வயதானபோது ஒரு பள்ளிக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த அம்மையார் பழங்களின் படங்களைக் காட்டி ஆங்கிலத்தில் பெயர் கேட்டார். மகன் மகிழ்ச்சியோடு, “வாழைப்பழம்!” என்றான். அவர் படத்தை மூடிவிட்டு, வீட்டில் ஆங்கிலம் பேசிப் பழகுங்கள் என்று எமக்கு அறிவுரை கூறினார். இடம் கிடைக்கவில்லை.

அன்று மாலையே கடைக்குச் சென்று, பளபளக்கும் ஆங்கிலப் படநூல்களாக ஒரு பை நிறைய வாங்கினோம். அந்நூல்களைக் குழந்தை விரும்புமா என்று யாம் எண்ணவில்லை. வாங்கும்போது எம் கண்முன் நின்றது அந்த அம்மையாரின் முகமே. அப்பள்ளியில் எமக்கு நேர்ந்த தலைக்குனிவுக்கு யாம் மருந்து வாங்கினோம். அதைக் குழந்தைக்குப் புகட்டினோம். வீட்டில் இருந்த இரண்டொரு தமிழ்ப் படநூல்களும் பரண் ஏறின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எம் தாயார் பேரனை மடியில் வைத்துக்கொண்டு அப்புதிய நூல் ஒன்றை விரித்தார். பச்சைப் புல்வெளி, நடுவே ஒரு மரம், அதில் சிவந்த காய்கள். தாராவியில் எம்மிடம் கேட்ட அதே குரலில், “இது என்ன மரம், ராசா?” என்றார். அவன் ஆங்கிலத்தில் விடை சொன்னான். அவரோ, “எங்க ஊரிலே இவ்வளவு பெரிசாக் காய்க்கிறது பனைதான். பனங்காயை வண்டி உருட்டி விளையாடுவோம்” என்று தொடங்கினார். மகன் குறுக்கிட்டு, “ஆச்சி தப்பாச் சொல்றா. புக்கில அப்படி இல்லே” என்றான்.

அவன் மேல் குற்றமில்லை. மூன்று வயதுக் குழந்தை. தாயார் சிரித்துக்கொண்டே, “ஆமா, ஆச்சிக்கு இதெல்லாம் தெரியாது” என்று நூலை மூடி வைத்தார். அதற்குப் பின் மூன்றாண்டுகள் உயிரோடு இருந்தார். ஒரு நாளும் அந்நூல்களைத் தொடவில்லை. யாம் அவற்றின் அருகிருந்து பார்த்துக்கொண்டே இருந்தோம், ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சோவியத் நூலிலும் அயல்நாட்டுப் பனியே இருந்தது. இந்த ஆங்கில நூலிலும் அயல்நாட்டு மரமே இருந்தது. அதில் எம் தாயார்க்கு ஓர் இருக்கை கிடைத்தது. இதில் அவர் வெளியே நிறுத்தப்பட்டார். வேறுபாடு படத்தில் இல்லை. நூலின் மொழி, வீட்டில் கதை சொல்லத் தெரிந்த ஒரே வாயை அடைத்துவிட்டது. ஒரு நூலைத் தேரும்போது குழந்தைக்கு ஆசிரியர் ஒருவரையும் உடன் தேர்கிறோம் என்பதும், சிலவேளை இருக்கும் ஆசிரியரை நீக்கியும் விடுகிறோம் என்பதும் எமக்குக் காலங்கடந்து விளங்கின.

நாடிழந்தவர் செய்த நூல்

குழந்தைகட்கென அமைந்த முதற் படநூல்களுள் தலையாயதாக வரலாற்றாசிரியர் போற்றுவது 1658-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் வெளிவந்த ‘ஆர்பிஸ் பிக்டஸ்’ என்பதாகும். ‘படத்தில் உலகம்’ என அதன் பெயரைத் தமிழாக்கலாம். அதனைச் செய்தவர் கொமேனியஸ். மொராவியா நாட்டில் பிறந்த அவர், சமயப் பகையால் 1628-இல் தாயகம் நீங்கினார். பின்னர் அங்குத் திரும்பி வாழும் பேறு அவர்க்கு வாய்க்கவேயில்லை. போலந்தில் தங்கியிருந்தபோது 1656-இல் ஊர் எரிந்தது. அவருடைய நூல்களும் கையெழுத்துப் படிகளும் எரிந்தன. 1670-இல் ஆம்ஸ்டர்டாமில் மறைந்தார்.

ஊர் ஊராய் அலைந்த இப்பெருந்தகை செய்த நூலில் இரு மொழிகள் அருகருகே இருந்தன. ஒன்று இலத்தீன், அக்காலத்தில் கல்விக்கும் பதவிக்கும் வாயில். மற்றொன்று அக்குழந்தைகள் வீட்டில் பேசிய ஜெர்மன். படத்திலுள்ள பொருள்களுக்கு எண் இட்டு, அவ்வெண்ணையே இருமொழிச் சொற்களுக்கும் இட்டார். எழுத்தைக் கற்பிக்கத் தொடங்குமிடத்தில் உயிர்களின் ஒலிகளை வைத்தார். முதல் எழுத்துக்குக் காகத்தின் கரைதலைக் காட்டினார். நம் வீட்டுக் குழந்தையின் முதற் கதையிலும் காகம்தானே வருகிறது! பதவியின் மொழி வேண்டுமென்பதற்காக வீட்டின் மொழியை அவர் வெளியே தள்ளவில்லை. முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கண்ட இந்நெறியை, ஒரு பள்ளியின் வாயிற்படியில் நின்ற யாம் மறந்தோம்.

பிள்ளைத்தமிழ் காட்டும் மதிப்பு

இனி, இதனினும் ஆழ்ந்த வினா ஒன்று உண்டு. குழந்தைப் பருவம் பின்வரும் வாழ்வுக்கு ஆயத்தம் மட்டுந்தானா? அல்லது தன்னளவில் நிறைந்த வாழ்வா? ஆயத்தம் மட்டுமே எனில், படநூல் ஒரு பயிற்சிக் கருவி. எத்தனை சொல், எத்தனை எண், எத்தனை நிறம் கற்பித்தது என்பதே அதன் அளவை.

நம் முன்னோர் வேறுவகையில் எண்ணினர் என்பதற்குப் பிள்ளைத்தமிழே சான்று. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி எனப் பருவம் பருவமாக வகுத்த அவர்கள், ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனவும், பெண்பாற்கு அம்மானை, நீராடல், ஊசல் எனவும் முடித்தனர். இப்பருவங்களில் பெரியோர் குழந்தைக்குக் கட்டளை இடுவதில்லை. கைகொட்டுமாறும், முத்தம் தருமாறும், தளர்நடையிட்டு வருமாறும் இரந்து வேண்டுகின்றனர். கைகொட்டுவதால் குழந்தைக்கு என்ன பயன் என்று எந்தப் புலவரும் கேட்கவில்லை. அம்புலிப் பருவத்தில் குழந்தையோடு விளையாட வருமாறு நிலவையே அழைக்கின்றனர். எண்ணிப் பார்ப்பின், தாய் இடுப்பில் குழந்தையை ஏந்தி விரல் நீட்டிக் காட்டும் அந்நிலவே தமிழ்க் குழந்தையின் முதற் படம். வானமே முதல் ஏடு.

புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி, எல்லாச் செல்வமும் உடையார்க்கும், சோற்றைத் தொட்டும் துழந்தும் மெய்யெல்லாம் பூசியும் மயக்குகின்ற புதல்வர் இல்லையேல் வாழ்நாளில் பயனில்லை என்னும் கருத்தைப் பாடினான். அரசன் ஒருவன் சோறு சிந்துவதைச் செல்வம் எனக் கண்டான். நாமோ, விலை உயர்ந்த நூலின் ஓரத்தைக் குழந்தை கடித்துவிட்டால் அதட்டுகிறோம். கிழித்துவிடும் என்று அஞ்சிக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டுகிறோம். பூட்டிய நூலைவிடக் கிழிந்த நூலே மேல். கிழிந்தது குழந்தையின் கையில் இருந்தது என்பதற்கு அக்கிழிசலே சான்று.

தேர்வதற்குச் சில அளவைகள்

பட்டறிவால் யாம் கண்ட சிலவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கிறோம்.

ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தடித்த அட்டை ஏடுகள் வேண்டும். ஏட்டுக்கு ஒரு படம் போதும். பின்புலத்தில் பூவும் கொடியும் நெருங்கலாகாது. ஒன்று முதல் இரண்டு வயதில், குழந்தை நாளும் காணும் பொருள்கள் படத்தில் இருத்தல் நலம்: செம்பு, செருப்பு, பூனை, பேருந்து, புறநகர் இரயில். படத்தில் கண்டதைத் தெருவில் கண்டு கூவும்போதுதான் ‘படம் என்பது பொருளைக் குறிப்பது’ என்னும் பேருண்மை அதற்குப் பிடிபடுகிறது. பின்னாளில் எழுத்து என்பது ஒலியைக் குறிப்பது என்று அறிவதற்கும் இதுவே அடிப்படை. இரண்டு, மூன்று வயதில் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும் கதை வேண்டும். நான்கு வயதில் ஒரு சிறு துன்பமும் அதன் தீர்வும் உள்ள கதையைக் குழந்தை தாங்கும். எழுத்தட்டவணை நூல் இவற்றிற்கெல்லாம் பின்னர் வந்தாலும் காலம் தவறிவிடாது.

விலக்கத்தக்கனவும் உள. அரக்கனைக் கருநிறத்திலும் இளவரசியை வெண்ணிறத்திலும் மட்டுமே தீட்டும் நூல், கருநிறக் குழந்தைக்குச் சொல்லாமலே ஒன்றைச் சொல்லிவிடுகிறது. தாய் என்றால் அடுப்படி, தந்தை என்றால் நாளிதழ் என்று காட்டும் நூலும் அவ்வாறே. ஏழையின் வீட்டை இழிவாகவோ இரக்கத்துக்குரியதாகவோ மட்டும் வரையும் நூலைத் தாராவிக் குழந்தையின் கையில் கொடுப்பது கொடுமை. தன் தெரு, தன் நிறம், தன் பாட்டியின் சேலை ஆகியவற்றை நூலில் காணும் உரிமை எல்லாக் குழந்தைக்கும் உண்டு. பிறர் தெருவைக் காணும் உரிமையும் உண்டு. வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியும் வேண்டும்; சாளரமும் வேண்டும்.

கதையின் இறுதியில் கட்டம் கட்டி ‘நீதி’ என்று அச்சிடுவது நம் பழக்கம். நீதி தேவையே. ஆயினும் கதை தன் வேலையைச் செய்திருந்தால் கட்டம் வேண்டியதில்லை. செய்யாவிடின் கட்டம் உதவாது. குழந்தை “மறுபடியும்” என்று கேட்பதே சிறந்த சான்றிதழ். பதினைந்தாம் முறை அதே நூலைப் படிக்க நேரும்போது நமக்குச் சலிப்பு வரும். அச்சலிப்பைப் பொறுத்துக்கொள்வதும் ஒரு தவமே.

கைப்பேசியில் படங்கள் அசைகின்றனவே, நூல் எதற்கு என்பாரும் உளர். உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் வகுத்த நெறிமுறை, ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரையே கூடாது எனவும், இரண்டு முதல் நான்கு வயதினர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது எனவும் கூறுகிறது. அமர்ந்திருக்கும் வேளையில் பெரியோருடன் படிப்பதையும் கதை கேட்பதையும் ஊக்குவிக்கிறது. திரை நமக்காகக் காத்திராது. நூலோ, குழந்தை விரலை ஊன்றிய இடத்திலேயே நிற்கும்.

ஆங்கிலம் சோறு போடுமே

“தமிழ்ப் படநூல் உள்ளத்துக்கு இனிது, மும்பையில் சோறு போடுவது ஆங்கிலமன்றோ?” என்று அன்பர் பலர் கேட்பர். இதனை எளிதில் தள்ளிவிட யாம் துணியோம். நாள் முழுதும் வீட்டுவேலை செய்து திரும்பும் தாய்க்கு, தன் மகள் ஆங்கிலம் பேசுவதே தன் குடியின் விடுதலையாகத் தோன்றுகிறது. அவ்வேட்கையை நகைப்பது பண்பாகாது.

ஆனால் ஆங்கிலம் வேண்டும் என்பதிலிருந்து தமிழ் வேண்டா என்பது பெறப்படாது. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் இயன்றவிடத்து ஐந்தாம் வகுப்பு வரையேனும் வீட்டுமொழியில் கற்பிக்கவேண்டும் என்கிறது. இம்மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்திய பெருமை உடையது. மேலும், நம்மை வாழவைக்கும் மண்ணின் மொழி மராத்தி. அண்டை வீட்டுக் குழந்தையோடு விளையாட நம் குழந்தைக்கு அதுவும் வேண்டும். மூன்று மொழிப் படநூல்களும் ஒரே பாயில் கிடக்கலாம். எந்த மொழி நூலாயினும் அதனைப் பற்றிய பேச்சு, பேசுபவர்க்கு நெஞ்சிலிருந்து வரும் மொழியில் நடக்கட்டும். அதுவே யாம் வேண்டுவது.

கிடைப்பதில்லை என்ற குறையும் இப்போது பெரிதில்லை. 1957-இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்டும், அதே ஆண்டில் ஓவியர் சங்கர் தொடங்கிய சில்ரன்ஸ் புக் டிரஸ்டும் எளிய விலையில் நூல்களைத் தந்தன. சென்னையில் 1990-களில் தோன்றிய தாரா, தூலிகா பதிப்பகங்கள் நம் நாட்டு ஓவிய மரபுகளைப் படநூலுக்குள் கொணர்ந்தன. தூலிகா இருமொழி நூல்களையும் வெளியிட்டது. பெங்களூரில் 2004-இல் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015 முதல் ஸ்டோரிவீவர் என்னும் இணையத் தளத்தின் வழியே பல மொழிகளில் படக்கதைகளை விலையின்றிப் படிக்கவும் படியெடுக்கவும் வழி செய்தது. ஒன்றும் கிடைக்காத இடத்தில் நாள்காட்டி இருக்கவே இருக்கிறது.

நிறைவாக

எம் மகன் பிறந்து பத்தாண்டு கழித்து இளையவள் பிறந்தாள். இப்போது அவளுக்கு நான்கு வயது. அவளுக்கென யாம் வாங்கிய நூல்களுள் சில தமிழும் ஆங்கிலமும் அருகருகே உள்ளவை. சில, சொல்லே இல்லாமல் படம் மட்டும் உள்ளவை. கடையில் நான்கைந்து நூல்களை விரித்துவைத்து, ஒன்றை அவளையே எடுக்கச் சொல்கிறோம். தேரும் உரிமையைச் சிறிது சிறிதாக அவளிடம் ஒப்படைப்பதும் எம் கடமை அன்றோ!

அண்ணனுக்குத் தமிழ் எழுத்து வாராது. அக்குறை எம்முடையது. மாலையில் அவன் ஆங்கில வரியைப் படிப்பான். யாம் தமிழ் வரியைப் படிப்போம். அண்மையில், யாம் அலுவலகத்திலிருந்து வரத் தாமதமான ஒரு நாள், தங்கை விடாமல் வற்புறுத்தவே, அவனே தமிழ் வரியை எழுத்துக்கூட்டத் தொடங்கினானாம். ‘ர’வும் ‘ற’வும் இன்னும் அவனுக்குத் தடுமாறுகின்றன. யாம் கதவைத் திறந்தபோது இருவரும் ஒரு மரத்தின் படத்தை வைத்துக்கொண்டு வழக்காடிக்கொண்டிருந்தனர். “அப்பா, இது என்ன மரம்?” என்றாள் இளையவள்.

நூலில் அதன் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. யாம் அதனைப் பாராமல் அவர்கள் அருகில் அமர்ந்து, “உங்க ஆச்சி ஊரிலே ஒரு மரம் உண்டு, அதன் காயை வண்டி உருட்டி விளையாடலாம்” என்று தொடங்கினோம். மகன் எம்மை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவில் இருக்குமா என்று யாம் கேட்கவில்லை. “அப்புறம்?” என்றான்.